பெயர்ப்பலகை மாறினால் போதுமா?

ஒரு பள்ளி தளர்வுற்றால், "இதனை யார் நடத்துகிறார்கள்?" என்பதே ஊரார் கேட்கும் முதற்கேள்வி. நடத்துவோரை மாற்றினால் பள்ளி தானே நிமிர்ந்துவிடும் என நம்புவோர் பலர். அதற்கும் காத்திராமல் பிள்ளையை வேறு பள்ளியிற் சேர்த்துவிடுவோரும் உளர். இந்நம்பிக்கை எத்துணை மெய்யானது என்பதை அமெரிக்க நாட்டார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்து வருகின்றனர். அச்சோதனையின் பாடம் நம் பெற்றோர்க்கும் பயன்படும் எனக் கருதி அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

1991ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலம் ஒரு புதிய சட்டத்தை இயற்றியது. அதன்படி அரசு பணம் தரும். பள்ளியைத் தனி அமைப்பினர் நடத்துவர். பிள்ளைகளிடம் கட்டணம் பெறுதல் கூடாது. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கவும் பாடவேளையை வகுக்கவும் நடத்துவோர்க்கு உரிமை உண்டு. ஆயின், உறுதி கூறிய பயனைக் காட்டத் தவறினால் அவ்வுரிமை பறிக்கப்படும். இவற்றைச் 'சார்ட்டர் பள்ளிகள்' என்பர். முதற்பள்ளி 1992இல் அம்மாநிலத்தின் செயிண்ட் பால் நகரில் திறக்கப்பெற்றது. பின்னர் அம்முறை பல மாநிலங்களுக்கும் பரவியது.

பயன் யாது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 2009இல் 16 மாநிலங்களை ஆராய்ந்தனர். கணித வளர்ச்சியில், நூற்றுக்கு 17 சார்ட்டர் பள்ளிகளே அரசுப் பள்ளிகளை விஞ்சின; 37 பள்ளிகள் பின்தங்கின; எஞ்சியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. அவர்களே 2023இல் வெளியிட்ட அறிக்கை, சார்ட்டர் பள்ளிகள் சராசரியாகச் சற்று முன்னே நிற்பதாகக் கூறியது. எனினும் பள்ளிக்குப் பள்ளி ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை. நிருவாகம் மாறியது ஒன்றே எல்லாப் பள்ளிகளையும் உயர்த்திவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் உயர்ந்த பள்ளிகளை உயர்த்தியது எது? ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் ரோலண்ட் பிரையரும் அவருடன் ஆய்ந்த வில் டாபியும் நியூயார்க் நகரின் 39 சார்ட்டர் பள்ளிகளை ஆராய்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டனர். வகுப்பில் பிள்ளைகளின் தொகை, செலவிடும் பணம், ஆசிரியரின் உயர்பட்டம் ஆகியவை அப்பள்ளிகளின் சிறப்புக்குக் காரணமாகத் தென்படவில்லை. ஐந்து பழக்கங்களே தென்பட்டன. ஆசிரியர் பாடம் நடத்துவதை அடிக்கடி பார்வையிட்டுக் குறைநிறை கூறுதல். பிள்ளைகளின் தேர்ச்சியை அளந்து அதற்கேற்பக் கற்பித்தல். சிறு குழுவாக அமர்த்தி மிகுதியாகத் துணைப்பாடம் சொல்லுதல். கற்கும் நேரத்தைக் கூட்டுதல். ஒவ்வொரு பிள்ளையிடமும் உயர்ந்த தேர்ச்சியை எதிர்பார்த்தல் என்பன அவை. பள்ளிகளுக்கிடையே காணப்பட்ட வேறுபாட்டில் நூற்றுக்கு 45 பங்கு இவ்வைந்தோடு தொடர்புடையதாக இருந்தது.

இவற்றைச் சாதாரண அரசுப் பள்ளியில் செய்தால் என்னாகும்? இதனைப் பிரையர் டெக்சஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் சோதித்தார். 2010இல் 9 இடைநிலை, உயர்நிலைப் பள்ளிகளிலும், 2011இல் 11 தொடக்கப் பள்ளிகளிலும் இப்பழக்கங்கள் புகுத்தப்பெற்றன. ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளில் இருவருக்கு ஒருவர் வீதம் கணிதத் துணையாசிரியர் அமர்த்தப்பட்டனர். பிள்ளைகள் கணிதத்தில் தெளிவாக முன்னேறினர். அரசுப் பள்ளி அரசுப் பள்ளியாகவே இருந்து நிமிர இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இதில் எமக்கு உடன்பாடற்ற பகுதியும் உண்டு. அங்கே 20 தலைமையாசிரியருள் 19 பேரும், ஆசிரியருள் ஏறக்குறைய பாதிப்பேரும் மாற்றப்பட்டனர். அத்துணைப் பேரை ஒருங்கே மாற்ற எல்லா ஊர்களிலும் ஆள் கிடைக்குமா? இருக்கும் ஆசிரியரைப் பார்வையிட்டு, வழிகாட்டி, வளர்ப்பதே நிலைத்த வழி என்பது எம் கருத்து.

நம் தமிழ்ப்பள்ளிகளுள் பல, தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் தொடங்கிப் பின்னர் அரசின் உதவி பெற்றவை. நிருவாகம் கைமாறுவது நமக்குப் புதிதன்று. வகுப்பறைக்குள் ஒவ்வொரு நாளும் என்ன நடைபெறுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின் இக்கேள்வி மேலும் இன்றியமையாததாயிற்று. ஆறாம் ஆண்டின் இறுதியில் வெளியிலிருந்து வந்து அளந்து சொன்ன அத்தேர்வு இன்றில்லை. இரண்டாம் ஆண்டில் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையை அப்பொழுதே கண்டறியாவிடில், அப்பிள்ளை ஓசையின்றி ஆறாம் ஆண்டைக் கடந்துவிடும். அதன்பின் இடைநிலைப் பள்ளியில் அது படும் துன்பத்தை யார் துடைப்பது?

பெற்றோர் கருத வேண்டியது மற்றொன்றும் உண்டு. ஹியூஸ்டனில் கணிதம் உயர்ந்த அளவுக்கு வாசிப்பு உயரவில்லை. முன்னேற்றம் மிகச் சிறிதே. கணிதத்தைப் பள்ளி பெரும்பாலும் தனித்தே கற்பிக்கலாம். மொழியோ வீட்டிலும் வளர வேண்டிய பயிர் என்றே நாம் இதற்குப் பொருள் கொள்கின்றோம். வேலை முடிந்து களைத்து வரும் தாய் தந்தையரிடம் நாம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாள்தோறும் கால்மணி நேரம் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோரும் செவிமடுத்தல் கூடும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திற்கு வரும்போது மூன்று கேள்விகளோடு வாருங்கள். என் பிள்ளை எதில் தடுமாறுகிறது? அதனை எப்பொழுது கண்டீர்கள்? அதற்கு என்ன செய்கிறீர்கள்? இவற்றிற்கு விடை கூற ஆசிரியர் கடமைப்பட்டவர். எம்மிடமும் தயங்காது கேளுங்கள்.