அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்



முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் பார்க்கப் போகும்போது நாம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: "எப்போது எழுந்து நடப்பார்?" அன்போடுதான் கேட்கிறோம். ஆயினும் அதற்கு வீட்டாரிடத்தில் பதில் இல்லை. பல வேளைகளில் மருத்துவரிடத்திலும் இல்லை. முதல் மாதத்தில் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்த கூட்டம் ஆறாம் மாதத்தில் இரண்டு மூன்று பேராகக் குறைந்துவிடுகிறது. நடக்கவில்லையென்றால் பேசுவதற்கு வேறொன்றுமில்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது. அந்தக் கேள்வியை மாற்றிக்கொள்ளும்படி உங்களைக் கேட்கவே இந்த வாரம் எழுதுகிறேன். இனி அவர் என்ன செய்யப்போகிறார், அதற்கு நாம் எப்படி வழிவிடப்போகிறோம் என்று கேட்கப் பழகுவோம்.

நம் சபையில் கொத்தனார் வேலை செய்துவந்த சகோதரர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன். இடுப்புக்குக் கீழே அசைவுமில்லை, உணர்வுமில்லை. ஆனால் கைகள் முன்போலவே பலமாக இருக்கின்றன. தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் பழகிய கண் அப்படியே இருக்கிறது.

இந்தக் காயத்தைக் கால்களின் காரியம் என்று மட்டும் நினைக்கிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லவேண்டும். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு சேதமுற்றால், அதற்குக் கீழே மூளையின் செய்தி இறங்குவதுமில்லை, உடலின் செய்தி ஏறுவதுமில்லை. சிறுநீரும் மலமும் தானாக அடங்குவதில்லை. நாள்தோறும் சில மணி நேரத்திற்கு ஒருமுறை சுத்தமான குழாயிட்டுச் சிறுநீரை வெளியேற்றவேண்டியவர்கள் பலர். ஒரே பக்கமாய்க் கிடந்தால் தோல் வெந்து புண்ணாகும். வலி தெரியாததால் அது எலும்பு வரை போனபின்புதான் கண்ணில் படும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் காலை வைத்துவிட்டால், கொப்புளம் எழுந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். ஆகையால் இரவில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை ஒருவர் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது. நம் சகோதரருடைய வீட்டில் அந்த ஒருவர் அவருடைய மனைவி. பகலில் அவர் ஒரு ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் இவ்வாறு அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரத்தில் மாண்டார்கள். ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் தேடி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் பொறுப்பேற்றபோது செய்த முதற்காரியங்களில் ஒன்று, இந்த இரண்டு மணி நேரப் புரட்டலைக் கண்டிப்பாக்கியது. உயிர் தங்கியவுடன் அவர்களுக்குத் தச்சுப் பட்டறையைக் கொடுத்தார். வில்லையும் அம்பையும் கொடுத்தார். 1948-இல் அங்கே 16 பேர் சக்கர நாற்காலியிலிருந்து எய்த அம்புகளே இன்றைய பாராலிம்பிக்கின் தொடக்கம்.

ஜெபத்தைக் குறித்து ஒரு வார்த்தை. தேவனால் கூடாதது ஒன்றுமில்லை என்று விசுவாசிக்கிறேன். அந்த வீட்டில் முழங்காற்படியிட்டு ஜெபித்திருக்கிறேன், இனியும் ஜெபிப்பேன். ஆனால் "விசுவாசம் போதவில்லை, அதனால்தான் எழும்பவில்லை" என்று ஒருவர் அவருடைய படுக்கையருகே நின்று சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். யாராயிருந்தாலும் இனி அந்தப் படியேறவேண்டாம். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, நம் ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார்.

நம் தமிழ்நாட்டுத் திருச்சபை மறக்கக்கூடாத ஒரு பெயர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பணியாற்றிக்கொண்டிருந்த இளம் மருத்துவர். 1954-இல் சக மருத்துவர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்தது. முகமெல்லாம் காயம், முதுகுத்தண்டு சேதமுற்று, கீழுடல் உணர்விழந்தது. கல்லூரியிலிருந்த அனைவரும் அவருக்காக ஜெபித்தார்கள், பணிவிடை செய்தார்கள். அவர்களுக்குள்ளே கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோரிடத்தில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட் இன்னொன்றும் செய்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேலை செய்யும் தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தி நிமிர்த்துகிற சிகிச்சையை அவர் வேலூரில் நடத்திவந்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம், உம்மால் முடியும் என்று மேரியிடம் சொன்னார். அப்படியே சக்கர நாற்காலியிலிருந்து அவர் அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

இதைச் சற்று நிதானித்து யோசியுங்கள். ஊரார் தொட அஞ்சிய தொழுநோயாளியின் உணர்வற்ற விரலை, தன் பாதத்தில் உணர்வற்ற ஒரு பெண் பிடித்துத் தைக்கிறார். காயம் பட்டாலும் தெரியாத உடலோடு வாழ்வது எப்படி என்பது இருவருக்கும் தெரியும். நடக்கிற மருத்துவர் எவரும் அந்த நோயாளிக்குச் சொல்ல முடியாத ஒன்றை, அவர் வாய்திறவாமலே சொல்லியிருப்பார்.

அவர் அதோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பவரிடம் அந்த மருத்துவத்துறையைக் கற்றுத் திரும்பினார். வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் காலமானார். இன்றும் அங்கே பயிற்சி பெற்றுப் போனவர்கள் குடும்பத்தோடு திரும்பி வந்து கூடுகிற ரிஹேப் மேளா நடக்கிறது. புதிதாய் அடிபட்டு வந்த ஒரு வாலிபன், பத்தாண்டுகளாய்ச் சக்கர நாற்காலியில் கடை நடத்துகிற ஒருவரைப் பார்ப்பதற்கு ஈடான ஆறுதலை நான் எத்தனை முறை வசனம் வாசித்தாலும் கொடுக்க முடியாது.

கைகளும் அசையாவிட்டால்? ஆய்க்குடிக்குப் போய்ப் பாருங்கள். தென்காசிக்கு அருகில் இருக்கிறது. பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல், சொந்தக் கையால் ஒரு டம்ளரைத் தூக்க இயலாத நிலையில், ஊனமுற்ற பிள்ளைகள் சிலருக்காகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை செய்த இராணுவ மருத்துவரின் பெயரால் அதற்கு அமர் சேவா சங்கம் என்று பெயரிட்டார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வும் இன்று அங்கே நடக்கிறது. 2020-இல் அவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவர் நம் சபையாரல்லர், நம் மார்க்கத்தாரும் அல்லர். நன்மையை எங்கே கண்டாலும் கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கம் வேண்டியதில்லை.

வேதத்தில் மேவிபோசேத்தை நினைக்கிறேன். ஐந்து வயதில், தாதி தூக்கிக்கொண்டு ஓடுகையில் விழுந்து இரு கால்களும் முடமானவன். தாவீது அவனை லோதேபாரிலிருந்து அழைப்பித்து, பாட்டனுடைய நிலங்களைத் திரும்பக் கொடுத்து, ராஜபந்தியில் இடங்கொடுத்தான். 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரம் முடிகிறபோதும் அவன் முடவனாகவே இருக்கிறான். அங்கே சுகமாக்குதல் இல்லை, ஓர் இருக்கை இருக்கிறது. அந்த இருக்கை பெரிய கிருபை. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு: நிலத்தைப் பயிரிடும் பொறுப்பு முழுவதும் சீபாவுக்குப் போயிற்று, மேவிபோசேத்துக்கு உண்பதைத் தவிர வேறொரு வேலையும் சொல்லப்படவில்லை. பின்னாளில் சீபா தன் எஜமானைப்பற்றித் தாவீதிடம் குற்றஞ்சாட்டியபோது, ராஜா அதை உடனே நம்பிவிட்டான். பந்தியில் உட்காரவைத்தவனை, பொறுப்புக் கொடுத்துப் பழகியவனை அறிகிறதுபோல் அவன் அறியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். செட்டிநாட்டில் வீடு கட்டினவர்கள் தெருவைவிட உயர்த்தித்தான் கட்டினார்கள். படியேறித் திண்ணை, நிலைப்படி தாண்டி முகப்பு, மறுபடி இறங்கி வளவு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை அழகுதான்; ஆனால் ஒவ்வொரு நிலைப்படியும் சக்கர நாற்காலிக்கு ஒரு மதில். நம் ஆலயத்தையும் அந்த வழக்கப்படியே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் ஐந்து படிகள். நம் சகோதரரை நான்கு வாலிபர்கள் நாற்காலியோடு தூக்கி வருகிறார்கள். கப்பர்நகூமின் நால்வர் நினைவுக்கு வருவதாகப் பலர் நெகிழ்ந்து சொல்கிறீர்கள். அந்த நால்வர் தூக்கியது ஒரே ஒரு நாள். ஒவ்வொரு ஞாயிறும் நாலு பேர் கைக்குக் காத்திருந்து, எல்லாரும் பார்க்க அந்தரத்தில் ஆடி ஆராதனைக்குள் வருவது எப்படியிருக்கும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு மாதமாக அவர் வராததற்குக் காரணம் உடல்நலம் அன்று.

ஆகையால் சபைக் கமிட்டியின் முன் ஒரு யோசனையை வைத்திருக்கிறேன். அறுப்பின் பண்டிகைப் பணத்தில் இவ்வாண்டு கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதற்கு முன், வாசலில் ஒரு சாய்தளம் கட்டவேண்டும். அதைக் கட்டி முடிக்கும் மேற்பார்வை நம் கொத்தனார் சகோதரருடையதாயிருக்கவேண்டும். மேஸ்திரிக்கு நாம் வழக்கமாய்க் கொடுக்கும் கூலியை அவருக்கும் கொடுக்கவேண்டும். அதை உதவித்தொகை என்று எழுதாமல் கூலி என்றே கணக்கில் எழுதவேண்டும்.

இதனோடு சேர்ந்த சில காரியங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் வாலிபர் சங்கத்தாரும் முறைவைத்து, வாரத்தில் இரண்டு இரவுகளாவது அந்த வீட்டில் தங்குங்கள்; சகோதரி ஒரு முழு இரவு தூங்கட்டும். புரட்டும் விதத்தை அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். கையைப் பிடித்து இழுத்தால் தோள் கெட்டுப்போகும். சிவகங்கை ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு, அடையாள அட்டைக்காகவும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்காகவும் அலைய வேண்டியிருக்கிறது. விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் நம்மில் குறைவில்லை. தேவகோட்டைப் பக்கம் பனையிலிருந்து விழுந்த ஒரு வாலிபன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, என்னைக் கூட்டிப்போகும்படி சகோதரரே கேட்டிருக்கிறார். ஆம்னி வண்டி வைத்திருப்பவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

சாய்தளத்தின் கணக்கை அவர் படுக்கையிலிருந்தே போட்டுக் கொடுத்துவிட்டார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாயிருந்தால் தனியாக ஏற முடியாது. அரையடிப் படி ஐந்து, ஆக இரண்டரை அடி உயரம், முப்பது அடி நீளம். வாசலிலிருந்து கேட்டு வரை இருபத்திரண்டு அடிதான் இருக்கிறது. வேப்பமரத்தை வெட்டலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். மரம் இருக்கட்டும், அதைச் சுற்றித் திருப்பிக்கொள்ளலாம், திருப்பத்தில் சமதளம் ஐந்தடி விடுங்கள், இருபுறமும் கைப்பிடி வையுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடுகிறது. செலவைக் குறித்தோ கோபுரத்தைக் குறித்தோ மாற்றுக் கருத்து உடையவர்கள் தவறாமல் வாருங்கள். நம் சகோதரரும் வருவார்; அன்றைக்கு மட்டும் நாலு பேர் தேவை.