மகள் பிறந்த நாள் எது?

பிறந்த நாளைக் கொண்டாடலாமா, கூடாதா என்ற வாதம் நம் மஹல்லாக்களில் இன்னும் ஓயவில்லை. கேக் வெட்டுவது ஆகுமா, மெழுகுவத்தியை ஊதி அணைப்பது அந்நியர் வழக்கமல்லவா என்றெல்லாம் மேடை போட்டுப் பேசுகிறோம். வெட்டாமலே இருந்துவிட்டுப் போகட்டும்! நாம் கேட்பது வேறு. கூடாது என்று தீர்ப்புக் கூறும் நம்மில் எத்தனை பேருக்குத் தம் பெண்மக்கள் பிறந்த நாள் எதுவென்று தெரியும்?

திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக ஹதீஸ் உண்டு. பிள்ளைகளுக்கு ஏழு வயதில் தொழுகையை ஏவ வேண்டும் என்றும் படித்திருக்கிறோம். பிறந்த நாளே தெரியாதபோது ஏழு ஆண்டுகளை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

பிறரைக் குறை சொல்லுமுன் நம் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம். மூத்தவன் பிறந்ததும் அவனுடைய பாட்டனார், மர்ஹூம், கிதாபின் உள்ளட்டையில் பிறையும் கிழமையும் ஆங்கிலத் தேதியும் எழுதி வைத்தார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் நெய்ச்சோறு ஆக்கி, தெருப் பிள்ளைகள் நால்வரை அழைத்து உண்ணச் செய்வோம். நான்காம் ஆண்டு அம்மை கண்டு கிடந்தான்; சோறு மட்டும் நடந்தது. ஏழாம் ஆண்டு அவனுக்கென்று சிறிய முஸல்லா ஒன்று வாங்கினோம். அன்றிரவு அதிலேயே சுருண்டு உறங்கிப்போனான். ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்களே ஆதலால், அவனுடைய பிறை ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகரும். அதைத் தெரிந்துகொண்டு, "பிறைக்கு ஒரு சோறு, தேதிக்கு ஒரு சோறு" என்று வாதாடுவான். இவையெல்லாம் நேற்று நடந்தவைபோல் நினைவில் நிற்கின்றன.

அடுத்தவள் பெண். அவள் பிறந்தபோது நாம் மலேசியாவில் இருந்தோம். பெண் பிறந்திருக்கிறது, இருவரும் நலம் என்று வந்த கடிதத்தில் நாள் இல்லை. நாமும் கேட்டு எழுதவில்லை. கிதாபின் அட்டையில் இடம் நிறையவே இருந்தது. எழுதத்தான் எவருக்கும் தோன்றவில்லை. அண்ணனுக்குச் சோறு ஆக்கும் நாளில், "எனக்கு எப்போது, வாப்பா?" என்பாள். "உனக்கும் இதுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

1982 ஜூனில் அவளைப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றோம். தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். எட்டவில்லை. ஐந்து வயது நிறைந்துவிட்டது என்று நாமே துணிந்து சொன்னோம். 1977 ஏப்ரலில் ஏதோ ஒரு நாள் எழுதப்பட்டது.

1995 கோடையில் அவள் கல்லூரியில் முதலாண்டு முடித்திருந்தாள். நல்ல இடத்துச் சம்பந்தம் வந்தது. "எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, வாப்பா" என்றாள். "ஏப்ரலிலேயே ஆகிவிட்டது, சான்றிதழைப் பார்" என்றோம். நாம் எழுதுவித்த பொய்யை அவளுக்கே எதிர்ச் சாட்சியாக்கினோம். நிக்காஹ் நடந்தது, படிப்பு நின்றது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969இல். வீட்டில் பிறந்த பிள்ளையைக் குறித்துக் குடும்பத் தலைவர் தெரிவிக்க வேண்டும். தவணை 21 நாள். இன்னும் பெயர் வைக்கவில்லையே என்பாருமுளர். பெயரில்லாமலே பதியலாம், பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு தேடி அலைய நேரமுள்ளவருக்கு 21 நாள் போதாதா? இப்போது, 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு ஆகியவற்றுக்குப் பிறந்த தேதியைக் காட்டப் பிறப்புச் சான்றிதழே வேண்டும் என்றாகிவிட்டது. சட்டம் நெருக்குவதால் பதிகிறோம். பதிந்த தேதியை, வீட்டாரைக் கேளாமல் சொல்லத் தெரிந்த தந்தையர் கை தூக்கட்டும்!

சென்ற ஆண்டு மனைவியாரிடம் ஒருநாள் கேட்டோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமலே சொன்னார்: "நாகைப் புயல் அடித்ததே, அதை அடுத்து வந்த ஹஜ்ஜுப் பெருநாள். ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புமுன் பிறந்துவிட்டாள்."

புயல் அடித்தது 1977 நவம்பர் 12. பெருநாள் அம்மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் வந்தது. பழைய நாட்காட்டி ஒன்று கிடைத்தால் தேதியே தெரிந்துவிடும். இத்தனை காலமும் சொல்லவில்லையே என்றோம்.

"அவளுக்கு எப்போதோ சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டதில்லை" என்றார்.