கயிறு வீசும் வீரர்கள் நம் கரைக்கு வரட்டும்



முத்துக் குளிக்கக் கடலில் இறங்குகிறவர், தன்னை மேலே இழுக்கும் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். அண்ணன் தம்பி என்றால் சொத்துத் தகராறு இருக்கலாம். சிநேகிதன் என்றால் பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துவிடலாம். ஆனால் மச்சானுக்கு அப்படியில்லை. கயிறு அசைந்த நொடியில் இழுக்கத் தவறினால், தாலியை இழப்பது அவருடைய கூடப்பிறந்தவள். அவர் கண்ணிமைக்க மாட்டார்.

எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். தண்ணீருக்குள் இருப்பவரின் உயிர், மேலே நிற்பவரின் கையில் இருக்கிறது. அந்தக் கை சரியான கையாக இருக்க வேண்டும்.

இதையே ஒரு போட்டியாக வைத்து உலகம் முழுக்க விளையாடுகிறார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீச்சல்குளத்தின் கரையில் ஒருவர் நிற்பார். சுமார் 12 மீட்டர் தள்ளி, தண்ணீரில் அவருடைய கூட்டாளி தத்தளிப்பவராக இருப்பார். விசில் அடித்ததும் கரையில் நிற்பவர் நீரில் கிடக்கும் கயிற்றை விறுவிறுவென்று இழுத்துச் சுருட்டி, குறி பார்த்து வீசி, கூட்டாளி பிடித்துக்கொண்டதும் இழுத்துக் கரை சேர்க்க வேண்டும். மொத்தமும் 45 விநாடிக்குள். அதற்கு மேல் போனால் அந்த ஆட்டம் செல்லாது.

இதற்கு உயிர்மீட்பு விளையாட்டு என்று பெயர். இன்னும் பல பந்தயங்கள் இதில் உண்டு. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மையை ஆளாகப் பாவித்து, அதை நீருக்கடியிலிருந்து எடுத்து அணைத்தபடி நீந்துவார்கள். குறுக்கே கட்டிய தடுப்புகளுக்கு அடியில் புகுந்து புகுந்து 200 மீட்டர் போவார்கள். காலில் துடுப்புக் காலணி மாட்டிக்கொண்டு, மிதவையில் பொம்மையைக் கட்டி, அதன் முகம் மேலே இருக்கும்படி இழுத்து வருவார்கள். யார் வேகமாக நீந்தினார் என்பதோடு, யார் ஒழுங்காகக் காப்பாற்றினார் என்பதையும் நடுவர்கள் பார்க்கிறார்கள். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது அதுதான்.

இந்தப் பந்தயங்களை ராணுவ வீரர்களும் ஆடுகிறார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில், 1948 பிப்ரவரியில், பிரான்ஸின் நீஸ் நகரத்தில் ஐந்து நாடுகள் கூடி சர்வதேச ராணுவ விளையாட்டுக் கவுன்சிலைத் தொடங்கின. விளையாட்டின் வழியே நட்பு என்பது அதன் கொள்கை. இன்று சுமார் 140 நாடுகளின் படைகள் அதில் உறுப்பினர்களாக இருக்கின்றன. நீச்சலோடு சேர்த்து உயிர்மீட்புப் பந்தயங்களும் இதன்கீழ் நடக்கின்றன. கடற்படையினருக்கான ஐந்து அம்சப் போட்டி ஒன்றும் உண்டு. அதிலும் உடுப்போடு நீந்திப் பொம்மையை மீட்கும் பந்தயம் ஒன்று இருக்கிறது. நேற்றுவரை எதிரெதிரே துப்பாக்கி பிடித்த நாடுகளின் சிப்பாய்கள், இன்று யார் சீக்கிரம் ஓர் உயிரைக் கரை சேர்க்கிறார் என்று போட்டி போடுகிறார்கள். இதைவிட நல்ல போட்டி வேறு என்ன இருக்க முடியும்?

அப்படி ஒரு சர்வதேசப் போட்டி நம் கொற்கைக் கரைக்கு, தூத்துக்குடிக்கு வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நம் வீட்டு விஷயம். கோடை விடுமுறையில் பேப்பரைத் திறந்தால் வாரத்துக்கு ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. குளத்தில் குளிக்கப் போன பையன் மூழ்கினான், காப்பாற்றக் குதித்த அண்ணனும் போய்விட்டான். கோயில் திருவிழாவுக்கு வந்த குடும்பம் ஆற்றில் இறங்கியது, ஒருவர் கையை ஒருவர் பிடிக்கப் போய் மூன்று பேர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000-க்கும் மேல் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல்! இதே எண்ணிக்கையில் ஏதாவது காய்ச்சல் பரவியிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா?

அந்த இரண்டாவது சாவுதான் என்னை அதிகம் வருத்துகிறது. காப்பாற்றப் போனவரின் சாவு. அவருக்குப் பாசம் இருந்தது, துணிச்சல் இருந்தது. முறை மட்டும் தெரியவில்லை. மூழ்குகிறவர் பயத்தில் கிடைத்ததைக் கட்டிப் பிடிப்பார். பிடித்தால் விட மாட்டார். அதனால்தான் உயிர்மீட்புப் பயிற்சியில் ஒரு வரிசை சொல்லித் தருகிறார்கள். முதலில் கரையிலிருந்தே கையையோ கம்பையோ நீட்டு. எட்டவில்லையா, கயிறோ மிதப்பதோ வீசு. அதுவும் முடியவில்லையா, படகில் போ. நீரில் இறங்குவது கடைசி வழி, அதுவும் பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குளிக்க இறங்கிய இளைஞர்கள் மூழ்கத் தொடங்கியபோது அங்கிருந்த மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து நீரில் வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்துக் கௌரவித்தது. யோசித்துப் பாருங்கள், 45 விநாடி கயிறு வீசும் போட்டியில் பதக்கம் வாங்குகிறவர் செய்வதும் இதேதான். அந்தப் பெண்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கற்றுத் தந்திருந்தால், கையருகே ஒரு கயிறும் இருந்திருந்தால்?

இனி ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் அமைதியான கிராமம். ஒரு காலத்தில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த பாண்டியரின் துறைமுகம். அங்கே கிடைத்த முத்துக்காகக் கடல் கடந்து கப்பல்கள் வந்தன. ஆற்று மண் மேடிட்டுக் கடல் விலகியது. துறைமுகம் காயலுக்கும் பிறகு தூத்துக்குடிக்கும் இடம் மாறியது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனால் மூச்சடக்கி மூழ்குகிற வித்தை இங்கே சாகவில்லை. திரேஸ்புரத்திலிருந்து இன்றும் சங்கு குளிக்கப் போகிறார்கள். கம்ப்ரசர் காற்றை டியூபில் சுவாசித்தபடி, போதிய பாதுகாப்பில்லாமல், உயிரைப் பணயம் வைத்துத்தான் போகிறார்கள். உயிர்மீட்பு என்ற அறிவு இந்த ஊருக்கு எவ்வளவு தேவை, இந்த ஊரிடமே அது எவ்வளவு இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவு போட்டார்கள், தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, ராணுவம் வந்தது. மீனவர்கள் தங்கள் படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, தெருத்தெருவாக ஆட்களை மீட்டார்கள். சீருடைக்காரரும் கைலி கட்டிய மீனவரும் ஒரே வெள்ளத்தில் தோள் கொடுத்த நாட்கள் அவை. ராணுவ உயிர்மீட்புப் போட்டியை வரவேற்க இதைவிடத் தகுதியான மண் எது என்று கேட்கிறேன்.

நம்மால் நடத்த முடியுமா என்று சிலர் தயங்கலாம். 2007 அக்டோபரில் ஹைதராபாத் உலக ராணுவ விளையாட்டுப் போட்டியையே நடத்திக் காட்டியது. பாய்மரப் படகுப் பந்தயங்கள் மும்பையில் நடந்தன. நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். 2025 ஆகஸ்டில் அதே மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி. அதில் இந்தியாவுக்கு ஒரு வெண்கலமும் கிடைத்தது. அதே ஆண்டு கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையைச் சென்னையும் மதுரையும் நடத்தின. இங்கே ஒரு விஷயம் கவனித்தீர்களா? சென்னையைத் தாண்டி மதுரைக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தெற்கே வந்தால் என்ன? தூத்துக்குடியில் பெரிய துறைமுகம் இருக்கிறது, கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது, 2025 ஜூலையில் திறந்த புதிய விமான முனையம் இருக்கிறது. அலைச்சறுக்கு பழகுகிறவர்கள் தேடி வரும் மணப்பாடு இருக்கிறது. முன்பு முத்துக்குளிப்பு நடந்த பங்குனி, சித்திரைக் கடல் தெளிவாக, அமைதியாக இருக்கும். அந்த நாட்களே போதும்.

கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே ஒரு மோட்டார் படகுகூட இந்தப் பேரைச் சொல்லி நுழையக் கூடாது. பந்தயம் நடக்கும் கடற்கரை எதுவானாலும், அங்கே வள்ளம் ஏற்றி வலை காய வைக்கிற குடும்பங்களிடம் முதலில் பேச வேண்டும். தொழில் போகும் நாட்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும். விழா முடிந்ததும் தோரணம் கிழிந்து தொங்க, கட்டிய குளம் பூட்டிக் கிடக்கிற கதை இங்கே நடக்கவே கூடாது.

அதனால் போட்டியைக் கேட்கும்போதே நிபந்தனையாகச் சிலவற்றைக் கேட்போம். 50 மீட்டர் நீச்சல்குளம் கட்டினால், போட்டி முடிந்த மறுவாரமே அதன் சாவி பள்ளிக்கூடங்களின் கையில் இருக்க வேண்டும். வருகிற வீரர்கள் ஒரு நாளாவது புன்னக்காயல், சிப்பிகுளம், திருச்செந்தூர் பிள்ளைகளுக்குக் கயிறு வீசக் கற்றுக்கொடுக்க வேண்டும். சங்கு குளித்துப் பழகிய நம் அண்ணாச்சிகளைப் பயிற்சியாளராக்கிச் சான்றிதழும் சம்பளமும் கொடுக்க வேண்டும். கோவில்பட்டியைப் பாருங்கள். அதுவும் இதே மாவட்டம்தான். தலைமுறை தலைமுறையாகத் தெருவில் மட்டை பிடித்துப் பிடித்தே ஹாக்கி அங்கே வேரோடியது. உயிர்மீட்பும் அப்படிக் கரையோர ஊர்களில் ஊறிப்போனால், மழைவெள்ளம் வரும்போது ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்கும் நேரம் குறையும்.

குறிப்பாகப் பெண்பிள்ளைகள். கடலை வைத்தே பிழைக்கிற வீடுகளில்கூடப் பையன் நீந்துவான், பெண் நீந்த மாட்டாள். வயசுக்கு வந்த பெண் எப்படிக் குளத்தில் இறங்குவாள் என்பார்கள். வெள்ளம் ஆண், பெண் பார்த்தா வருகிறது? இடுப்பில் குழந்தையோடு ஓட வேண்டியவள் அவள்தானே? பிற நாட்டுப் பெண் வீராங்கனைகள் நம் கண்முன்னே ஓர் ஆள் அளவு பொம்மையைத் தூக்கிக்கொண்டு நீந்திக் காட்டினால், எந்தப் பிரசாரமும் செய்யாததை அந்த ஒரு மணி நேரம் செய்துவிடும் என்று நம்புகிறேன்.

போட்டி எப்போது வரும், வருமா என்பது அரசும் ராணுவமும் விளையாட்டு அமைப்புகளும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கிணறு, குளம், கால்வாய், கடல் எது உங்கள் வீட்டருகே இருந்தாலும் ஒரு நீளக் கயிற்றில் மூடியிட்ட காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி, கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்க விடுங்கள். மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருவதுபோல் கத்தாது; சத்தமே இல்லாமல் உள்ளே போகும். தண்ணீர்ப் பக்கம் பிள்ளைகள் இருந்தால் போனைக் கீழே வையுங்கள். மீட்கப்பட்டவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதோ வயிற்றை அமுக்குவதோ வேண்டாம். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கவும் மார்பை அழுத்தவும் கற்றுக்கொள்ளுங்கள், உடனே 108-ஐ அழையுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸுக்கு 1093. இரண்டு எண்ணையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிற பெரியவர் யாராவது இருந்தால், எங்களுக்குக் கடிதம் எழுதுங்கள். அவர்களைத் தேடி வந்து எழுதத் தயாராக இருக்கிறோம். வருகிற மே விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளையை, முதலில் பெண்பிள்ளையை, நீச்சலுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்