பழைய கணினியும் பத்திரமான எழுத்தும்



மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புற பக்கம் போகும் மலைப்பாதையில் ஏறினால் ரிவர்ஸ்டன் வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்த இடம். உச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. மழைக்காலத்தில் அது பனிமூட்டத்துக்குள் மறைந்துவிடும். அந்த மலையின் கீழே உள்ள தோட்டமொன்றில்தான் எங்கள் மாதர் சங்க அறை இருக்கிறது. அந்த அறையில் மூன்று கணினிகள். மூன்றுமே யாரோ பாவித்துக் கழித்தவை. ஒன்றில் விண்டோஸ் 98, மற்றதில் எக்ஸ்பி, மூன்றாவதில் முன்பு விண்டோஸ் 7 இருந்தது.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கும் சகோதரிகளுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. என் பெற்றோர் இந்த மலையில் பிறந்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். நான் பிறந்து வளர்ந்தது கிளிநொச்சியில். 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமில் இருந்து, 2010இல் இரண்டு பிள்ளைகளுடன் தாய்மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து இந்த அறையில் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறேன்.

"இந்தப் பழைய பெட்டிகளை ஏன் கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள், இரும்புக்குப் போடலாமே" என்று வருகிற எல்லோரும் கேட்பார்கள். அதற்கான பதிலை அண்மையில் ஒரு தாய் எங்கள் அறைக்குக் கொண்டுவந்தார்.

அவர் முல்லைத்தீவுப் பக்கத்தவர். மகளை இந்தப் பகுதியில் கட்டிக்கொடுத்திருப்பதால் வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் துணியில் சுற்றிய ஒரு இறுவட்டு.

"பிள்ளை, இதிலை என்ரை மகன்ரை விபரம் எல்லாம் கிடக்கு. 2010இல ஆணைக்குழுவுக்குக் குடுக்க அடிச்சது. கடையிலை குடுத்துப் பாத்தன். பெடியன் இது பழுதாப் போச்சு, எறியுங்கோ அம்மா எண்டு சொல்லிப்போட்டான்" என்றார்.

2010ஆம் ஆண்டு மே மாதம் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு நியமிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் 2013இல் இன்னோர் ஆணைக்குழு வந்தது. 2016இல் சட்டம் இயற்றப்பட்டு, 2018இல் காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் நாம் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. எந்தத் திகதி, எந்த இடம், என்ன உடுப்பு, யார் கண்டார்கள் என்று. அந்தத் தாய்க்கு இப்போது ஞாபகம் முன்போல் இல்லை. அன்று நினைவு தெளிவாக இருந்தபோது சொன்னது முழுவதும் அந்த இறுவட்டில்தான் இருந்தது. தாளில் இருந்த பிரதி வெள்ளத்தில் நனைந்துபோய்விட்டதாம்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இறுவட்டு போடும் வழியே இல்லை. எங்கள் எக்ஸ்பி கணினியில் இருக்கிறது. அதைப் போட்டோம். முதல் தடவை வாசிக்கவில்லை. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தோம். வட்டமாகத் துடைத்தால் கீறல் கூடும். மூன்றாம் தடவை திறந்தது. உடனே எல்லாவற்றையும் வன்தட்டுக்கு நகல் எடுத்தோம். கோப்பைத் திறந்தேன். எழுத்துகள் தெளிவாக, அழகாக, அவர் சொன்ன வரிசையில் அப்படியே இருந்தன. கோப்பில் எந்தப் பழுதும் இல்லை.

அப்படியானால் கடையில் ஏன் தெரியவில்லை? இதை நாம் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 98 காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் ஒரே இலக்கம் கொடுக்கும் யுனிகோட் முறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸில் அது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. அதுவரை நம்மவர்கள் ஒரு சூழ்ச்சி செய்தார்கள். ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்து எழுத்துருக்களைச் செய்தார்கள். இலங்கையில் நாம் அதிகம் பாவித்த பாமினி அப்படிப்பட்டது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி நினைவில் வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்தும்தான். பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பை. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த முரசு அஞ்சல், தமிழா குழுவின் எ-கலப்பை போன்றவை பழைய விண்டோஸிலும் தமிழை அடிக்க வழி செய்தன. அந்தக் காலத்தில் அவை இல்லாவிட்டால் நம் மனுக்களை நாம் தமிழில் எழுதியே இருக்க முடியாது.

ஆகவே சகோதரிகளே, பழைய கோப்பு ஒன்று குப்பையாகத் தெரிந்தால் அழிக்காதீர்கள், அழிக்கவும் விடாதீர்கள். முதலில் அந்தக் கணினியில் பாமினி எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் இதோடு வேலை முடியவில்லை. பாமினியிலேயே விட்டால் இன்னும் பத்து வருடத்தில் அதே கதைதான். யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கு மாற்றிகள் உண்டு. சுரதா செய்த பொங்குதமிழ் மாற்றியை இணையத்தில் பலர் பாவித்தார்கள். கணினியிலேயே நிறுவக்கூடிய என்எச்எம் கன்வேர்ட்டர் எங்கள் எக்ஸ்பியில் இருக்கிறது. நான் இரண்டாவதைத்தான் பாவித்தேன். காரணம் ஒன்று. ஒரு தாயின் வாக்குமூலத்தை, அதில் உள்ள பெயர்களோடு, யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத இணையப் பக்கத்தில் ஒட்டுவது சரியல்ல. இணையம் இல்லாத பழைய கணினி இந்த வேலைக்குப் பாதுகாப்பானது.

மாற்றிய பிறகு அவருக்கு வாசித்துக் காட்டினேன். மகனின் அடையாள அட்டை இலக்கம் வந்தபோது அவர் நிறுத்தினார்.

"பிள்ளை, கடைசியிலை 'வீ' எல்லோ வரவேணும்? அவன்ரை நம்பர் எனக்கு மனப்பாடம்."

திரையில் ஒன்பது இலக்கத்துக்குப் பின் 'ஏ' என்று நின்றது. பாமினியில் ஆங்கில 'வீ' இருக்கும் இடத்தில்தான் தமிழ் 'ஏ' இருக்கிறது. 2010இல் தட்டச்சு செய்தவர் அந்த ஓர் எழுத்தை மட்டும் ஆங்கில எழுத்துருவில் அடித்திருக்கிறார். மாற்றிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பத்து வருடத்துக்கு மேல் பையில் சுமந்த கடிதத்தில் இலக்கம் பிழையாகப் போயிருந்தால் யார் கவனித்திருப்பார்கள்? எந்த இயந்திரமும் கவனிக்கவில்லை. தாய்தான் கவனித்தார்.

மாற்றிய கோப்பில் அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், ஆங்கிலப் பெயர்கள் ஆகியவற்றை மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். மூலக் கோப்பையும் எறியாமல் வைத்திருங்கள்.

இனி, பழைய கணினியை எப்படிப் பிழைக்க வைப்பது என்று பார்ப்போம்.

எங்கள் எக்ஸ்பி சில மாதங்களுக்கு முன் திகதியை மறந்தது. காலையில் அதைப் போட்ட மாணவி, "அக்கா, இன்னைக்கு 2002 ஜனவரி ஒன்னாம் தேதின்னு காட்டுது" என்று சிரித்தாள். சிரிப்பதற்கு உரிய விடயம் அல்ல. புதிதாகச் சேமிக்கும் எல்லாக் கோப்பிலும் பிழையான திகதி பதியும். திகதியே சாட்சியாக இருக்கும் நமக்கு அது நல்லதல்ல. இணையத்தில் இருக்கும் கணினியானால், திகதி பிழை என்பதாலேயே பல பக்கங்கள் 'பாதுகாப்பில்லை' என்று சொல்லித் திறக்க மறுக்கும். கணினி பழுதென்று எண்ணிவிடாதீர்கள். தாய்ப்பலகையில் காசு போல ஒரு சிறிய பற்றரி இருக்கும். சிஆர் 2032 என்று அதில் எழுதியிருக்கும். மின்சாரக் கம்பியைக் கழற்றிவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதைப் போட்டுத் திகதியைத் திருத்தினால் சரி.

விண்டோஸ் 98க்குப் பென்டிரைவ் தெரியாது. செருகினால் இயக்கி மென்பொருள் கேட்கும். இரண்டாம் பதிப்புக்கென்று ஆர்வலர்கள் செய்த பொதுவான இயக்கி ஒன்று உண்டு. அதை இறுவட்டில் கொண்டுவந்து நிறுவிய பிறகுதான் எங்களது கணினியில் அடைபட்டிருந்த கோப்புகள் வெளியே வந்தன. இன்று அது தட்டச்சு பழகுவதற்கு மட்டும்.

முக்கியமான எச்சரிக்கை. ஒவ்வொரு விண்டோஸுக்கும் அதைச் செய்தவர்கள் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை ஒருநாள் நிறுத்துவார்கள். விண்டோஸ் 98க்கு 2006 ஜூலை 11, எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14. விண்டோஸ் 10 உள்ளவர்கள் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்புப் பெறும் வழி வைத்தார்கள். அந்த நாளோடு கணினி நின்றுவிடாது. ஆனால் கதவுக்குப் பூட்டு இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும். 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற தீய மென்பொருள் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசொஃப்ட் விசேடமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. எனவே 98, எக்ஸ்பி, 7 மூன்றையும் இணையத்தில் இணைக்காதீர்கள். எக்ஸ்பியில் பென்டிரைவ் செருகும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். அதில் உள்ளவை தாமாக ஓடாமல் இருக்கும்.

இணையம் வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. எங்கள் மூன்றாவது கணினியில் இப்போது ஓடுவது லினக்ஸ் மின்ட். காசு இல்லை. அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகைக்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் போதும், 4 இருந்தால் வசதி. கணினி 64 பிட் ஆக இருக்க வேண்டும். 32 பிட் என்றால் ஆன்டிஎக்ஸ் என்பதைப் பாருங்கள். பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வன்தட்டைத் தொட வேண்டியதில்லை. பிடித்தால் மட்டும், உள்ளே இருப்பவற்றை நகல் எடுத்த பிறகு, நிறுவுங்கள். கடிதம் எழுத லிப்ரே ஆபிஸ் கூடவே வரும். தமிழ் அடிக்க நமது நாட்டுத் தர நியமமான ரெங்கநாதன் விசைப்பலகையும் லினக்ஸில் கிடைக்கும். பழைய தட்டச்சில் பழகிய கைகளுக்கு அது புதிதல்ல.

மலையில் இருக்கும் எங்களுக்கு ஈரம்தான் பெரிய எதிரி. கணினியைச் சுவரோடு ஒட்டி வைக்க மாட்டோம், நிலத்திலும் வைக்க மாட்டோம். மழைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரமாவது ஓட விடுவோம். அதன் சூடே அதை உலர்த்தும். இடி முழங்கினால் செருகியைக் கழற்றிவிடுவோம். கடற்கரைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு உப்புக்காற்று இருக்கிறது. அடிக்கடி தூசி தட்டி மூடி வையுங்கள்.

எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் வன்தட்டு நிற்கும். அதற்கு முன் எழுத்து வெளியே வந்திருக்க வேண்டும். அந்தத் தாய்க்கு நாங்கள் செய்தது இதுதான். பிழை திருத்திய கடிதத்தை மூன்று பிரதி அச்சிட்டோம். ஒன்று அவருக்கு, ஒன்று மகளுக்கு, ஒன்று அவர் நம்பும் உறவினருக்கு. கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு, மகளின் கைத்தொலைபேசியிலும் ஏற்றினோம். பாமினி மூலக் கோப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. அவருடைய அனுமதி கேட்டு, எங்கள் கணினியில் இருந்த நகலை அழித்தோம். அது அவருடைய எழுத்து, எங்களுடையது அல்ல.

போகும்போது இறுவட்டைத் திரும்பவும் அதே துணியில் சுற்றினார். "இனி இது வேண்டாம்தானே அம்மா?" என்று கேட்டேன்.

"கிடக்கட்டும் பிள்ளை. அவன் வந்தா காட்டலாம்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. கதவுவரை போய் வழியனுப்பினேன்.

சகோதரிகளே, இந்த மாதம் ஒரு வேலை செய்வோம். அலுமாரியில், பெட்டியில், பழைய கணினியில் கிடக்கும் நமது மனுக்கள், காணிக் கடிதங்கள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரப் பிரதிகள் எல்லாவற்றையும் ஒருதரம் திறந்து பார்ப்போம். திறக்காதவற்றை எறியாமல் தனியே எடுத்து வைப்போம். அயலில் எந்த வீட்டில், எந்தச் சங்கத்தில் பழைய கணினி ஓடுகிறது என்று விசாரித்து வைப்போம். இரும்புக்குப் போகவிருந்த ஒரு பெட்டிதான் ஒரு தாயின் சொல்லைத் திருப்பித் தந்தது.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.