எந்தச் சுவரை வெட்டச் சொல்கிறீர்கள்?

டிவிக்குப் பின்னால் ஜிப்சம் பலகையில் பொய்ச்சுவர் எழுப்புவது வெறும் பகட்டாம். பேசாமல் சுவரில் காடி வெட்டி ஒயரைப் புதைத்துப் பூசிவிடலாமாம். எந்தச் சுவரை? சென்னையில் இப்போது எழும்பும் அடுக்ககங்கள் பலவற்றில் செங்கல்லே கிடையாது. அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர். மேல்மாடிகளின் பாரத்தைத் தாங்குவதே அதுதான். கட்டரை வைத்தால் கம்பி அறுபடும். ஒயர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக வீட்டுத் தூணை அறுப்பார்களா?

சரி, செங்கல் சுவர் என்றே வைத்துக்கொள்வோம். எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் புதைப்பது முக்கால் அங்குல பைப். ஹெச்டிஎம்ஐ ஒயரின் தலையே ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். நேர்க்குழாயிலேயே முரண்டு பிடிக்கும். முதல் வளைவில் நின்றுவிடும். பைப்பே இல்லாமல் பூசியவர் பாடு இன்னும் மோசம். 2017-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 2.1, நொடிக்கு 48 ஜிகாபிட் வரை அனுப்பக்கூடியது. முந்தைய தலைமுறை ஒயருக்கு 18 ஜிகாபிட்தான் உச்சம். அதை மாற்ற நினைத்தால் சுத்தியலை எடுக்க வேண்டும், பிறகு பட்டி, பெயின்ட்.

பொய்ச்சுவரால் இடம் போகிறதே என்ற புலம்பலுக்கு: 50 மி.மீ. சட்டம், 12.5 மி.மீ. பலகை, ஆக இரண்டரை அங்குலம். சோபாவைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

பொய்ச்சுவரையும் கெடுக்கலாம், மறுக்கவில்லை. கை நுழைய ஒரு திறப்பு இல்லாமல் மூடினால் அதுவும் புதைகுழிதான். டிவியின் எடையை வெறும் ஜிப்சத்தில் தொங்கவிடக் கூடாது, பின்னால் தடித்த பிளைவுட் வேண்டும். கரன்ட் ஒயருக்குத் தனிக் குழாய்.