கொள்வோன் வகை

நிலாவெளியைக் கடந்து புல்மோட்டை வீதியில் வடக்கே செல்வோர், களப்பு கடலோடு கலக்குமிடத்தில் இறக்கக்கண்டியைக் காண்பர். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் அப்பகுதிக் கரைகளில் கரைவலை வாடிகள் உயிர்பெறும். வகுப்பறையிலோ சில இடங்கள் வெறுமையாகும். வலைக்குப் போன பிள்ளைகள் மீளுங்கால் பாடநூல் பல பக்கங்கள் கடந்திருக்கும்; ஆசிரியரும் கடந்திருப்பார்.

5 முதல் 14 வயதுவரை கல்வி கட்டாயம் என்ற விதி இலங்கையில் 1998 இல் நடைமுறைக்கு வந்தது. 2016 இல் 16 வயதுவரை நீண்டது. நல்ல விதிதான். ஆயினும் விதி பிள்ளையை வாங்கிலே இருத்துமேயன்றி, அவன் நெஞ்சுக்குள் பாடத்தைப் புகுத்தாது.

தமிழாசிரியராகிய நமக்கு நன்னூற் பாயிரம் மனப்பாடம். அன்னம், ஆ என்று தொடங்கி இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று மாணாக்கரைத் தரம் பிரித்த பகுதியை உறக்கத்திலும் ஒப்பிப்போம். மந்தமான பிள்ளையைக் கண்டதும் 'இல்லிக்குடம்' என்று பெயரிட்டு அப்பாற் செல்வோம். யாமும் பல்லாண்டு அப்பிழை செய்தோம். அதே பாயிரத்திலே, ஆசிரியன் சினமும் அவசரமுமின்றி, இன்முகத்தோடு, கேட்போன் ஏற்கும் வகையை அறிந்தே கற்பித்தல் வேண்டும் எனப் பவணந்தியார் விதித்தாரன்றோ? மாணாக்கனுக்குரிய இலக்கணத்தை நினைவில் வைத்த நாம் ஆசிரியனுக்குரியதை வசதியாக மறந்தோம்.

கட்டுரைப் பாடத்தில் மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டாத மாணவன் ஒருவன் எம்மிடம் படித்தான். ஒருநாள் எழுதவேண்டாம், சொல் என்றோம். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுகளை வேறுபடுத்தி, எக்காற்றில் எம்மீன் கரைசேரும் என அரைமணி நேரம் உரைத்தான். இலக்கணம் கற்ற எமக்கு அவற்றுட் பாதி புதிது. அடுத்த நாள் கையெழுத்து வல்ல தோழன் ஒருவனை அருகிருத்தி, இவன் சொல்ல அவன் எழுதினான். பின்னர்த் தன் சொற்களையே இவன் பார்த்து எழுதினான். ஆசானிடம் பெறுவது காற்பங்கே. உடன்கற்போரோடு பழகுவதாற் காற்பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பதும் நன்னூற் கருத்தே.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவனுக்கும் ஒரு முறையா, புலமைப்பரிசிற் பரீட்சை காத்திருக்குமா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பர். கேள்வி நியாயமானது. வினாத்தாள் எல்லார்க்கும் ஒன்றே. அதை மாற்றுவது நம் கையிலில்லை. பாடவேளையிற் பத்து நிமிடத்தைப் பின்தங்கியோர்க்கு ஒதுக்குவது நம் கையில் உளது. வலயக் கல்வி அதிகாரிகளிடம் வேண்டுவதும் ஒன்றுண்டு: கரைவலைப் பருவம் முடிந்து திரும்பும் பிள்ளைகளுக்கு, விடுபட்ட பாடங்களைக் கற்பிக்க இரு வாரம் தந்து, அதன் பின்னரே தவணைப் பரீட்சை வைக்க அதிபர்களுக்கு அனுமதி தருக.