விழாப் பொறுப்பும் கலியாண வீட்டுக் கணக்கும்



நிலாவெளி கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே படிக்கும் உங்கள் மகளுக்கோ தங்கைக்கோ மீலாத் விழா போன்றதொரு பொறுப்பு வந்தால், கூடவே படபடப்பும் வந்துவிடும். "பதறாதே" என்று சொல்வதால் மட்டும் பதற்றம் போகாது. நம் கலியாண வீட்டுக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.

சஹனுக்கு ஆறு பேர். 300 பேருக்கு 50 சஹன். பிந்தி வருவோருக்கு இன்னும் 5. வுழுச் செய்வோர் 200 பேர் என்றால், ஆளுக்கு 2 லீற்றர் வைத்து 400 லீற்றர் தண்ணீர். ளுஹருக்கு முன்பே தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அங்கே மழைக்காலம். வெட்டவெளியை நம்ப வேண்டாம். நகரமும் தூரம், மறந்த சாமானை ஓடிப்போய் வாங்கிவர முடியாது.

ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒரு பெயரை எழுதட்டும். 'எல்லோரும் பார்ப்போம்' என்று விட்ட வேலையை யாரும் பார்ப்பதில்லை. பொறுப்பாளியின் கையில் மட்டும் தனி வேலை வேண்டாம். வெயிலில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், உடனே கவனிக்க ஒருத்தி வேண்டுமே! அவள் பதறினால் மண்டபமே பதறும்.

அவளும் நேரத்துக்குச் சாப்பிடட்டும். பசித்த வயிற்றுக்குத்தான் கோபம் முந்தி வரும்.